ஜூன் மாதத்துக் கிடாக்கள்

“நீ படிச்சா ஆடு வளந்துருமாட்டி?”

எங்கள் வீட்டுக்கு ஆடு பிடிக்க வரும் வியாபாரி இப்படிக் கேட்டபோது நான் பத்தாம் வகுப்பு முடித்திருந்தேன். பள்ளியில் நான்தான் முதல் மதிப்பெண். அவர் ஒரு கிடாவின் இடுப்பைக் கட்டிப்பிடித்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரம் தூக்கி, எத்தனை கிலோ தேறும் என்று மனதுக்குள் எடை போட்டுக்கொண்டிருந்தார். கேலியாகத்தான் கேட்டார். வியாபாரம் முடிகிற நேரம் என்பதால் அம்மாவும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்து வைத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “ஆடு வளராட்டி என்ன அண்ணாச்சி, நான் வளருவேன்” என்றேன்.

அந்தப் பதிலைப் பல வருஷம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஹாஸ்டலில் சொல்லியிருக்கிறேன், கல்லூரியில் ஒருமுறை மேடையேறிச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது யாரிடமும் சொல்வதில்லை.

சங்கரன்கோவிலிலிருந்து மேலநீலிதநல்லூர் போகிற சாலையில் இறங்கி, உள்ளே நடக்க வேண்டும் எங்கள் ஊருக்கு. மானாவாரிக் காடு. மழை பெய்தால் மக்காச்சோளம், உளுந்து. பெய்யாவிட்டால் உடைமரமும் காற்றும்தான். நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது அப்பா தவறிவிட்டார். நிலம் என்று எங்களுக்கு எதுவும் கிடையாது. அம்மாவுக்கு மிஞ்சியது நானும் இருபது ஆடுகளும்.

கன்னி ஆடுகள். கறுத்த உடம்பு, நெற்றியிலிருந்து மூக்குவரை முகத்தின் இருபக்கமும் இறங்கும் வெள்ளைக் கோடு, நீண்ட கால்கள். இந்த வெயிலுக்கென்றே பிறந்தவை. தரையில் புல் இல்லாத மாதங்களிலும் மரத்தில் முன்னங்கால்களை ஊன்றி எழுந்து நின்று, முள்ளுக்கு நடுவே நாக்கை நீட்டி இலையைப் பறித்துவிடும். சின்ன வயதில் அப்படி நிற்கிற கிடாவின் பக்கத்தில் நின்று நான் அளந்து பார்த்ததுண்டு. அதன் தலை என் தலைக்கு மேலே இருக்கும்.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தவர்கள் யாரும் இல்லை. கல்லூரியில் சேரும்போது முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீஸுக்குப் போனேன். “வீட்ல வேற யாரும் டிகிரி முடிக்கலயேம்மா?” என்று அங்கிருந்தவர் கேட்டார். “டிகிரி என்ன சார், அஞ்சாங்கிளாஸே யாரும் முடிக்கல” என்றேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை. என்னுடையது என்று சொல்லிக்கொள்ள என்னிடம் இருந்த ஒரே சொத்து அதுதான்.

அந்தச் சொத்து எங்கிருந்து வந்தது என்பதுதான் நான் எழுத நினைப்பது.

ஒவ்வொரு ஜூன் மாதமும் எங்கள் தொழுவத்திலிருந்து ஒரு கிடா போகும். பள்ளி திறக்கும் மாதம். இலவசம் என்று எழுதப்பட்டிருந்தாலும் செலவில்லாமல் படிப்பு எங்கே இருக்கிறது? நோட்டு, பஸ், ஹாஸ்டல், பின்னால் கல்லூரிக்கு ரெக்கார்டு, ஆய்வகத்துக்கு வெள்ளைக் கோட்டு. வியாபாரி வருவார். நல்ல எடையுள்ள கிடாவாகப் பார்ப்பார். எது முதலில் வளர்ந்து தெரிகிறதோ அதன் முதுகெலும்புக்குப் பக்கத்தில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்துத் தலையாட்டுவார். அம்மா புற்றுமண்ணை எடுத்து அதன் நெற்றியில் பூசிவிட்டுக் கயிற்றை அவர் கையில் கொடுப்பாள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் இன்னொன்று போகும். அதுவும் மிச்சமிருப்பதில் பெரியதாகத்தான் இருக்கும். சோனிக் கிடாக்களை யாரும் கேட்க மாட்டார்கள். அவை நிற்கும். அடுத்த ஈற்றுக்குப் பெட்டைகளோடு சேர்வதும் அவைதான்.

இதில் தப்பு என்று எதுவும் யாருக்கும் தோன்றவில்லை. பெரியதை விற்று நல்ல விலை வாங்குவதுதானே புத்திசாலித்தனம். எங்கள் பக்கத்தில் இரண்டு மூன்று ஆடு வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

ஒரே ஒரு கிடா மட்டும் இந்த வழக்கத்துக்கு வெளியே நின்றது. நான் மூன்றாம் வகுப்பில் காய்ச்சல் வந்து, சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் பல நாள் கண் திறக்காமல் கிடந்தேனாம். அம்மா எங்கள் குலசாமிக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டாள். நேர்ந்து விடுகிற கிடா குறையில்லாததாக இருக்க வேண்டும். விதை அடிக்கக் கூடாது, கொம்பு ஒடிந்திருக்கக் கூடாது, பிறந்ததில் எது ஓங்கி நிற்கிறதோ அதைத்தான் விட வேண்டும். கழுத்தில் மஞ்சள் துணியைக் கட்டிவிட்டால் அதற்குப் பிறகு வியாபாரி அதைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். முறைப்படி அடுத்த கோயில் கொடைவிழாவில் அது சாமிக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் கோயிலில் யாருக்கு முதல் மரியாதை என்று இரண்டு குடும்பத்துக்குள் சண்டை வந்து கொடை நின்றுபோனது. வருஷக்கணக்கில் நின்றது. சாமிக் கிடாவும் எங்கள் தொழுவத்திலேயே நின்றது. தாடி வைத்து, ஊர் நாய்களை விரட்டிக்கொண்டு, எங்கள் வீட்டு ஆண்பிள்ளை மாதிரி திரிந்தது. தனியாக இருந்த அம்மா அதைப் பார்த்துத்தான் பல நாள் பேசுவாள்.

பதினொன்றாம் வகுப்புக்கு என்னைச் சங்கரன்கோவிலில் ஹாஸ்டலில் சேர்க்க வேண்டியிருந்த வருஷம் விற்பதற்கு வேறு கிடா தேறவில்லை. முந்தின வருஷம் பிறந்தவை நோயில் போய்விட்டன. அம்மா மூன்று நாள் யோசித்தாள். நாலாம் நாள் சாமிக் கிடாவின் கழுத்துத் துணியை அவிழ்த்தாள். நான் வீட்டில் இல்லாத நேரத்தில் சொல்லியனுப்பியபோது வியாபாரி முதலில் தயங்கியிருக்கிறார். “தாயி, இது வேண்டாம். நாளைக்கு ஒண்ணுன்னா என்னயச் சொல்லுவாக” என்றாராம். அம்மா, “எம் மக சம்பாரிச்சு இதவிடப் பெரிய கிடாவா சாமிக்குக் குடுப்பா” என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தாளாம். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் அவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கினாரே, அது அந்தக் கிடாதான்.

அதற்குப் பிறகு ஆடுகள் சிறுத்துக்கொண்டே வந்தன.

உடனே தெரியவில்லை. ஈற்றுக்கு ஈற்று கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் அம்மா மேய்க்கப் போகும்போது துரட்டியை எப்போதாவதுதான் எடுத்துப்போவாள். பிறகு தினமும் தேவைப்பட்டது. நீண்ட கம்பின் நுனியில் அரிவாள் கட்டிய துரட்டியால் கிளையை அவள் இழுத்துத் தரையில் போட்டால்தான் ஆடுகளுக்கு இலை எட்டியது. தோள்பட்டை வலி என்று இரவில் தைலம் தேய்த்துக்கொள்வாள். ஏன் ஆடு இப்படிக் கட்டையாகிவிட்டது என்று கேட்கிறவர்களிடம் மேய்ச்சல் இல்லை என்பாள். என்னிடம் மட்டும் வேறு சொல்வாள்.

“சாமி குத்தம்ட்டி. நான் நேந்துவிட்டத நானே வித்துட்டேன்லா.”

கொடை மறுபடி ஆரம்பித்தது. சிறிய கிடா ஒன்றை அம்மா கொடுத்தாள். அன்றைக்கு ஊரே கோயில் முற்றத்தில் நின்றபோது அவள் மட்டும் சாலையிலேயே நின்று கும்பிட்டாள். உள்ளே வரவில்லை. இன்றுவரை வருவதில்லை. ஆட்டுக்கறியையும் விட்டுவிட்டாள்.

கல்லூரியில் நான் விலங்கியல் எடுத்தேன். தினமும் பஸ்ஸில் போய்வருகிற தூரம். இரண்டாம் வருஷத்தில் பரிணாமம் நடத்திய மேடம், வகுப்பைப் பார்த்து, “எது தக்கது? எது பிழைக்கும்?” என்று கேட்டார். நான்தான் எழுந்தேன். எதற்கும் நான்தான் முதலில் எழுவேன். “பலமானது மேடம்” என்றேன்.

“குட்டி போடாமச் செத்தா யானையும் தோத்ததுதாம்மா” என்றார் அவர்.

வகுப்பு சிரித்தது. அவர் தொடர்ந்து விளக்கினார். பலமோ உயரமோ வேகமோ தனியாக எதையும் தீர்மானிப்பதில்லை. ஒரு உயிர் தான் போவதற்குள் எத்தனை பிள்ளைகளை விட்டுப்போகிறது, அந்தப் பிள்ளைகள் பிள்ளை பெறுகிற வரை நிற்கின்றனவா என்பதுதான் கணக்கு. எந்தக் குணம் அதற்கு உதவுகிறதோ அந்தக் குணம் அடுத்த தலைமுறையில் கூடும். ஓரிடத்தில் உயரம் உதவும், இன்னோரிடத்தில் உயரமே எமனாகும். பெரிய மீனை மட்டும் பிடிக்கிற வலை விழும் கடலில் சிறிய மீன்கள்தான் பெருகும் என்று ஒரு உதாரணம் சொன்னார்.

நான் குறிப்பு எடுப்பதை நிறுத்திவிட்டேன். எனக்குக் கடல் தெரியாது. வியாபாரியின் கட்டைவிரல் தெரியும்.

எங்கள் தொழுவத்தில் சீக்கிரம் வளர்கிற கிடா எட்டாம் மாதம் ஒன்பதாம் மாதம் வியாபாரியின் கண்ணில் பட்டுவிடும். அது ஒரு குட்டிக்குக்கூடத் தகப்பனாகாமல் வண்டி ஏறும். சோம்பேறியாக வளர்கிற கிடா தப்பிக்கும், நிற்கும், குட்டிகள் கொடுக்கும். அந்தக் குட்டிகளும் சோம்பேறியாக வளரும். அவற்றிலும் தப்பித்தவறிப் பெரிதானது போகும். எங்கள் வீட்டில் பிழைப்பதற்குத் தகுதி, வளராமல் இருப்பது. அந்தத் தகுதியை ஜூனுக்கு ஜூன் தேர்வு வைத்து நாங்களே வளர்த்திருந்தோம். தேர்வுக் கட்டணம் என் படிப்பு.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் தொழுவத்துக்குப் போனேன். வாசலில் ஒரு வேப்பங்கட்டைத் தூண் உண்டு. ஆடுகள் வெளியே போகும்போதும் வரும்போதும் அதில் தோளை உரசிக்கொண்டுதான் போகும். பல வருஷம் உரசி உரசி எண்ணெய் தேய்த்தது போல ஒரு பட்டை பளபளக்கும். குனிந்து பார்த்தேன். பளபளப்பான பட்டை என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அதற்கும் மேலே, ஒரு சாண் உயரத்தில், தூசி படிந்து மங்கிய இன்னொரு பட்டை. அங்கே இப்போது எந்த ஆட்டின் தோளும் எட்டுவதில்லை. நான் இரண்டையும் கையால் தடவிப் பார்த்தேன். பழைய பட்டையில் இன்னமும் வழவழப்பு இருந்தது.

மறுநாள் இதை மேடத்திடம் ஓடிப்போய்ச் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தீவனம் குறைஞ்சாலும் ஆடு குட்டையாகுமே. உங்க அம்மா சொல்ற மாதிரி மேய்ச்சல் இல்லாததுனால இருக்கலாம். அதுவா இதுவான்னு எப்படிப் பிரிப்ப?” என்றார்.

பதில் தானாக வந்தது. மாசி அறுவடை முடிந்ததும் ராயகிரிப் பக்கத்திலிருந்து ஒருவர் நூறு ஆட்டுக்கு மேல் ஓட்டிவந்து எங்கள் ஊர்க் காட்டில் கிடை போட்டார். புழுக்கை உரத்துக்காகக் காட்டுக்காரர்கள் கூப்பிடுவார்கள். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. அவருடைய ஆடுகளும் எங்கள் ஆடுகள் மேய்கிற அதே சோளத்தட்டையைத்தான் மேய்ந்தன. அதே உடைமரத்தில் கால் வைத்தன. ஆனால் ஒவ்வொன்றும் நான் சின்ன வயதில் பார்த்த உயரம். ஒரு கிடா எழுந்து நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எப்படி என்று கேட்டேன்.

“கிடா ஒண்ண நிறுத்திருவோம்லா” என்றார் அவர், இதில் என்ன அதிசயம் என்பதுபோல. “எங்கைய்யா காலத்துலருந்தே அப்படித்தான். உள்ளதுல ஓங்குனது நம்மட்ட நிக்கும். மிச்சந்தான் சந்தைக்குப் போவும்.”

கிடை போட்டிருந்த அந்த இரண்டு வாரத்தில் அவருடைய கிடா ஒரு நாள் எங்கள் மூத்த பெட்டையோடு சேர்ந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாது. ஆவணியில் அந்தப் பெட்டை ஒரு கிடாக்குட்டி ஈன்றது. பிறந்த மறுநாளே கால் நீளம் கண்ணில் பட்டது. மற்றக் குட்டிகள் தின்ற அதே இலையைத் தின்று, அவை குடித்த அளவே பாலைக் குடித்து, மூன்று மாதத்தில் அவற்றைவிட ஒரு கை உயரம் போய்விட்டது. அம்மா அதை நெட்டையன் என்று கூப்பிட்டாள். மேடம் கேட்ட கேள்விக்கு நெட்டையன்தான் பதில்.

அப்போதுதான் அம்மாவிடம் சொன்னேன். இப்போது யோசித்தால், எதற்காகச் சொன்னேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அவள் மனதிலிருந்து சாமி பயத்தை எடுக்க என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். எனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ளும் ஆசையும் இருந்தது, அதை மறைக்க முடியாது.

காலை நேரம். அம்மா தொழுவத்தில் புழுக்கை கூட்டிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டுத் தூணைக் காட்டினேன். பழைய தடம், புதுத் தடம், பெரியதை விற்பது, சிறியதை நிறுத்துவது, எல்லாவற்றையும் பாடம் நடத்துவதுபோல் சொன்னேன். சாமிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று முடித்தேன்.

அம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மேலே உள்ள தடத்தில் விரலை வைத்தாள். எத்தனை வருஷமாக நாம் இப்படி விற்கிறோம் என்று கேட்டாள். நான் சொன்னேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, நான் எந்த வருஷம் எந்த வகுப்பில் இருந்தேன் என்பது நன்றாகத் தெரியும்.

“அப்போ ஒன்னயப் படிக்க வச்சதுதான் ஆட்டக் கட்டையாக்கிட்டுன்னு சொல்லுத. அதத்தானட்டி சொல்லுத?”

வகுப்பில் எதற்கும் முதலில் எழுகிறவள் அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாமி மேல் இருந்த பாரத்தை எடுத்து வேறெங்கே வைக்கப்போகிறேன் என்று நான் யோசித்திருக்கவில்லை. அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “செரி, நெட்டையன விக்க வேண்டாம். அது ஒன் கிடா. நீயே வச்சுக்க” என்றாள்.

ஏழு மாதம் அது என் கிடாவாகத்தான் இருந்தது. பருத்திக்கொட்டை ஊறவைத்துக் கொடுத்தேன். மாதம் ஒருமுறை தூணோடு நிறுத்திச் சுண்ணாம்பால் கோடு போட்டேன். கோடு மேலே ஏறிக்கொண்டே போனது. பழைய தடத்தைத் தொட இன்னும் நான்கு விரல்தான் பாக்கி. கார்த்திகைக்குள் பெட்டைகளோடு சேர விடலாம் என்று நான் மனதில் வைத்திருந்தேன். அதன் குட்டிகள் எத்தனை உயரம் வரும் என்று நோட்டில் ஒரு பக்கத்தை எழுதாமல் விட்டிருந்தேன்.

இந்த வருஷம் பட்டம் முடித்தேன். திருநெல்வேலியில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்தது. எங்கள் ஊரிலிருந்து அதற்குப் போகிற முதல் பெண் நான்தான். சான்றிதழ் சரிபார்க்க ஜூன் முதல் வாரம் வரச்சொன்னார்கள். போன இடத்தில், விடுதியில் சேர மூன்று நாளுக்குள் முன்பணம் கட்டியாக வேண்டும் என்றார்கள். அங்கிருந்தே அம்மாவுக்கு போனில் சொன்னேன். தனியார் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் என் தோழியிடம் கேட்டிருக்கிறேன், அவள் தருவாள், கவலைப்படாதே என்றும் சொன்னேன். அம்மா, சரி சரி, வெயில்ல நிக்காத என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சோறு போட்டு, தட்டை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொழுவத்தில் நெட்டையன் இல்லை.

“கிடா எங்கம்மா?”

“மொதல்ல சாப்பிடு.”

“எங்கம்மா?”

“போயிட்டு.”

நான் என்னென்ன பேசினேன் என்று முழுவதும் எழுத மாட்டேன். எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. “படிச்சிருந்தா ஒனக்குப் புரிஞ்சிருக்கும்” என்றேன். என்னைப் படிக்க வைப்பதற்காகத் தன்னிடம் இருந்த ஒவ்வொரு நல்ல கிடாவையும் கொடுத்தவளிடம் அதைச் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. தட்டைத் திறந்து குழம்பு ஊற்றினாள். “எனக்குப் புரியலன்னு நெனைக்கியா? நீ தூணக் காட்டுன அன்னைக்கே புரிஞ்சுட்டு. ஆடு கட்டையா இருந்தா இருந்துட்டுப் போவுது, நீ நிக்கக் கூடாது” என்றாள். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, “அன்னைக்கு சாமி கிடாவ வித்தேன். இன்னைக்கு ஒங் கிடாவ வித்தேன். ரெண்டு பேரும் சேந்து என்னய ஏசுங்க” என்றாள்.

காலையில் வியாபாரியைத் தேடிப் போனேன். அவர் வீட்டு வாசலில் வெறும் வண்டிதான் நின்றது. கிடாக்கள் முந்தின நாளே லாரி ஏறிவிட்டன. என் முகத்தைப் பார்த்து அவரும் சங்கடப்பட்டார். “நான் கேக்கவே இல்லம்மா. ஒங்கம்மாதான் போன் போட்டா. ஒன் கிடான்னு தெரியும், வேண்டாம்னுதான் சொன்னேன்” என்றார். பழைய கேலி எதுவும் அவர் பேச்சில் இல்லை. இருந்திருந்தால் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும்.

திரும்பி நடந்து வரும்போதுதான் எனக்கு அது உறைத்தது. சாமிக் கிடா. பிறந்ததில் ஓங்கியதை எடுத்து, விதை அடிக்காமல், விற்காமல், வருஷக்கணக்கில் பெட்டைகளோடு நிறுத்தி வைத்த ஒரே கிடா அதுதான். அது நின்ற வரைக்கும் எங்கள் குட்டிகளில் உயரமானவை பிறந்துகொண்டே இருந்தன. பெரியது முழுக்கப் போய்விடாமல் அந்த நேர்ச்சை காத்துவந்திருக்கிறது. அதை விற்ற பிறகுதான் ஆடுகள் சிறுத்தன. அம்மா சொன்னதும் அதுதான். காரணத்தைச் சாமியிடம் வைத்தாள், நாளையும் வருஷத்தையும் தப்பாகச் சொல்லவில்லை. சாமிக்குச் சம்பந்தமே இல்லை என்று தூணைத் தட்டிப் பேசிய நான்தான் பாதியைப் பார்க்காமல் விட்டேன்.

இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீ பயந்தது உண்மை என்று எந்த வாயால் சொல்வது? அவள் இப்போது முன்போல் பேசுவதில்லை. மேய்க்கப் போகிறாள், வருகிறாள். என் பெட்டியில் புதுத் துண்டு ஒன்றை எனக்குத் தெரியாமல் வைத்திருந்தாள். ஆடு ஈன்றால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறவள், நான் விடுதிக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒன்று ஈன்றதைச் சொல்லவில்லை, நானாகப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் சின்னக் குட்டி. கையில் எடுத்தால் ஒரு கிலோ சர்க்கரைப் பை அளவுக்குக்கூட இல்லை.

இடத்தை விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விட்டால் நெட்டையன் போனதற்கு அர்த்தமே இல்லாமல் போகும். விடாவிட்டால் அதை விற்ற காசில்தான் நான் வகுப்பில் உட்கார்ந்திருப்பேன். எப்படிப் பார்த்தாலும் அது திரும்பி வராது. கட்டிவிட்டேன். அடுத்த முறைக்கு அம்மாவிடம் கேட்காமல் இருக்க, விடுதிக்குப் பக்கத்தில் சாயங்காலம் டியூஷன் எடுக்கவும் பேசி வைத்துவிட்டேன்.

வகுப்பு தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை ஒரு குட்டியானை வண்டி பேசி, மூத்த பெட்டையையும், இன்னும் ஈனாத ஒரு இளம் பெட்டையையும் ஏற்றினேன். இளையது ஏற மறுத்தது. அம்மா வந்து அதன் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். எங்கே கொண்டுபோகிறேன் என்று கேட்டாள். ராயகிரிக்கு என்றேன். வண்டியின் பின்கதவை அவளே சாத்தினாள்.

கரிவலம்வந்தநல்லூர் தாண்டிப் போனோம். கிடை போட்ட அவரை விசாரித்துக் கண்டுபிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அவருடைய கிடாவோடு இவற்றைச் சேர்க்க வந்திருக்கிறேன் என்றதைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். “காலேஜுல இதத்தான் சொல்லித் தாராவளாக்கும்?” என்றார். ஆமாம் என்றேன். அவர் பங்குக்கு, பெட்டைக்குட்டி பிறந்தால் ஒன்று தனக்கு வேண்டும் என்றார். சம்மதித்தேன். கிடாக்குட்டி பிறந்தால் அது எங்கள் தொழுவத்திலேயே நிற்கும், ஜூன் வந்தாலும் நிற்கும் என்று சொன்னேன். அது எனக்கும் என் அம்மாவுக்கும் உள்ள பேச்சு, அவருக்கு அதில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் யாரிடமாவது சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் இரண்டையும் மந்தைக்குள் ஓட்டிவிட்டார். அந்த உயரமான ஆடுகளுக்கு நடுவே எங்களுடையவை குட்டிகள் போலத் தெரிந்தன. ஒரு மாதம் அங்கே நிற்க வேண்டும் என்று பேச்சு. விட்டுவிட்டு வந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது.